கம்பி கையில் இருக்கும்வரை

கத்தி வைப்பீர்களா என்று கேட்காத நோயாளி அபூர்வம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முகம் தெளிந்துவிடும். ஆனாலும் நான் அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் தட்டில் ஒரு சின்ன பிளேடு இருக்கத்தான் செய்கிறது. 11 நம்பர் பிளேடு. மரத்துப்போக ஊசி போட்டபின் தோலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீறுவதற்கு. கீறியதும் அது ஓரமாகப் போய்விடும், அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை. மிச்சம் நடப்பதெல்லாம் ஒரு கம்பியின் வேலை.

நான் டாக்டர் இல்லை. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி, அதாவது திரையில் படம் பார்த்தபடியே ஊசி, கம்பி, டியூப் வைத்துச் சிகிச்சை செய்யும் பிரிவில் எக்ஸ்ரே கருவியை இயக்கும் ரேடியோகிராஃபர். இதயத்துக்கு ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. அதே மாதிரி ஒரு அறையில் ஈரல், சிறுநீரகம், கர்ப்பப்பை, கால், மூளை என்று உடம்பின் மற்ற பாகங்களுக்கும் வேலை நடக்கிறது என்பது, உள்ளே வந்து படுக்கும்வரை பலருக்குத் தெரிவதில்லை. விளம்பரங்கள் தெரியப்படுத்தும்போது 'தழும்பில்லாத சிகிச்சை', 'ஊசித்துளை சிகிச்சை' என்று துளையைத்தான் பேசுகின்றன. துளை சின்னது என்பது உண்மைதான். உள்ளே நடப்பதும் சின்னது என்று ஆட்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

இந்தத் துறை முழுக்க ஒரே ஒரு யோசனையின் மேல் நிற்கிறது. 1953-இல் ஸ்வீடனின் ரேடியாலஜி மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் அதை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பு ரத்தக்குழாய்க்குள் ஒரு டியூப் போகவேண்டுமென்றால், அந்த டியூப் நுழையும் அளவுக்குத் தடித்த ஊசியால் குத்தவேண்டும், இல்லையென்றால் தோலை அறுத்து ரத்தக்குழாயை வெளியே தெரியவைக்கவேண்டும். செல்டிங்கர் வரிசையை மாற்றினார். மெல்லிய ஊசியால் குத்து, ஊசிக்குள்ளே வளையக்கூடிய கம்பியை விடு, ஊசியை உருவிவிடு, கம்பி மட்டும் இருக்கட்டும், அதன் மேலேயே டியூபைத் தள்ளு. அவ்வளவுதான். இதை வைத்து முனைவர் பட்டம் வாங்கலாமா என்று பார்த்தபோது, இவ்வளவு எளிமையான விஷயம் ஆய்வேட்டுக்குப் போதாது என்று மேலிடத்தில் நினைத்தார்கள். பட்டத்துக்கு அவர் வேறு தலைப்பை எடுக்கவேண்டியதாயிற்று. இன்று உலகில் எந்த ஐசியுவில் கழுத்துச் சிரையில் மருந்து ஏற்றும் டியூப் போட்டாலும் அவர் சொன்ன வரிசையில்தான் போடுகிறார்கள்.

நாங்கள் அதிகம் பயன்படுத்தும் கம்பியின் தடிமன் 0.035 அங்குலம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நுனி மட்டும் துவண்டு வளைந்திருக்கும், குழாயின் சுவரைக் குத்தாமல் நழுவிப்போக. நுண்ணிய கிளைகளுக்குள் போக 0.014, 0.018 என்று இன்னும் மெல்லியவை உண்டு. சிலவற்றின் மேல் ஒரு பூச்சு இருக்கும். தண்ணீர் பட்டால் வழுக்கும், காய்ந்தால் ஒட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் கொடுப்பார்கள். டாக்டர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைத் திருகியபடியே முன்னே விடும்போது கண் கையில் இருக்காது, திரையில்தான் இருக்கும். இடது தொடையில் நுழைந்த கம்பி, மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஏறித் திரும்பி வலது காலுக்குள் இறங்குவதை முதல்முறை பார்ப்பவர்கள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பார்கள். எனக்கு இப்போதும் அலுக்கவில்லை.

படம் எடுக்கப் பிறந்த கருவியை வைத்துச் சரிசெய்யவும் செய்யலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ரேடியாலஜி மருத்துவர் சார்ல்ஸ் டாட்டர். போர்ட்லண்ட் நகரத்தில் 1964 ஜனவரி 16-ஆம் தேதி. 82 வயது அம்மா ஒருவர், பாதம் அழுகத் தொடங்கியிருக்கிறது, காலை எடுக்கவேண்டும் என்கிறார்கள், அவர் மாட்டேன் என்கிறார். டாட்டர் தொடைக் குழாயின் அடைப்பு வழியாகக் கம்பியை விட்டு, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பெரிய டியூப்களை ஏற்றி அடைப்பை விரித்தார். பாதம் சூடேறியது, புண் ஆறியது. அந்த அம்மா மிச்சக் காலமெல்லாம் சொந்தக் காலில் நடந்தார், இறக்கும்வரை அந்தக் குழாய் திறந்தே இருந்தது. அறுவை மருத்துவர்களுக்கு இது பிடித்ததா என்றால் இல்லை. படம் எடுங்கள், சரிசெய்ய முயலவேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அந்த வாசகம் எங்கள் துறையில் இன்றைக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். டாட்டருக்குக் 'கிறுக்கு சார்லி' என்ற பெயரும் கிடைத்தது. கிறுக்கு இல்லாமலும் இல்லை: கித்தார் கம்பியையும் ஃபோக்ஸ்வேகன் காரின் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் வைத்துக் கருவி செய்து பார்த்த மனிதர். ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் டியூபின் நுனியில் ஊதும் பலூனைக் கொண்டுவந்து, 1977 செப்டம்பரில் சூரிக்கில் இதயக் குழாயை விரித்தது இதன் தொடர்ச்சி. உலகம் நினைவில் வைத்திருப்பது இரண்டாவதைத்தான். சரி, அது இதயத்துக்கு உள்ள மவுசு.

எங்கள் அறைக்கு வருவோம். மேஜையைச் சுற்றிச் சுழலும் எக்ஸ்ரே கை. சாதாரண எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது, அயோடின் கலந்த டையைச் செலுத்தினால்தான் கறுப்பாக ஓடும். அப்போதும் எலும்பு குறுக்கே நிற்கும். அதனால் டை போவதற்கு முன்பு ஒரு படம் எடுத்து, பின்னால் வரும் படங்களிலிருந்து அதைக் கழித்துவிடுகிறோம். எலும்பு மறைந்துபோய்க் குழாய் மட்டும் நிற்கும். ஒரே நிபந்தனை, நடுவில் நோயாளி அசையக்கூடாது. "மூச்சை இழுத்து அப்படியே பிடிங்கம்மா, விட்டுடாதீங்க" என்று மைக்கில் சொல்வது என் வேலை. மூச்சு ஒரு விரலளவு விட்டாலும் இரண்டு படமும் பொருந்தாது, திரை முழுக்கக் கோடும் நிழலும் வந்துவிடும். நோயாளி பெரும்பாலும் விழித்திருக்கிறார், நாம் சொல்வதைக் கேட்டுச் செய்கிறார். இந்த வேலையில் அவர் பாதிப் பங்காளி என்றுதான் சொல்வேன். டை ஓடும்போது உள்ளே சூடாக ஏதோ பரவும், சிலருக்குச் சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். சொல்லாமல் விடும் இடங்களில்தான் உதறி எழுந்திருக்கப் பார்ப்பார்கள்.

ரத்தம் கசியும் நோயாளி வரும்போதுதான் இந்த அறையின் முழு மதிப்பு தெரியும். விபத்தில் இடுப்பெலும்பு நொறுங்கி வருகிறார்கள். உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டே கசியும் இடத்தை ஓரளவு அழுத்திக்கொண்டிருக்கும். வயிற்றைத் திறந்தால் அந்த அழுத்தம் போய்விடும், ரத்தம் இன்னும் வேகமாக வரும். அதனால் திறக்காமல் உள்ளேயிருந்தே அடைக்கப் பார்ப்பார்கள். நான் பார்த்த ஒன்று: மேல் ரத்த அழுத்தம் 70-இல் நிற்கிறது, மயக்க மருந்து டாக்டர் இரண்டு பக்கமும் ரத்தப் பை மாட்டியிருக்கிறார், அறையில் யாரும் தேவையில்லாமல் பேசவில்லை. டை போனது. மற்ற கிளைகளிலெல்லாம் அது ஓடிக் கழுவிப்போய்விட்டது. இடது பக்கம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு தங்கி, நீர்த்து, விரிகிறது. கசிவு அதுதான். பெரிய டியூபுக்குள் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய மைக்ரோ கதீட்டர் நுழைந்து அந்தக் கிளையின் வாய்க்கு வந்தது. ஜெலட்டின் பஞ்சைத் துணுக்குகளாக வெட்டி டையில் ஊறவைத்து, சிரிஞ்சில் துளித்துளியாகத் தள்ளினார்கள். அது சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும், ஆனால் அதற்குள் கிழிந்த இடம் ஆறிவிடும். பிறகு பிளாட்டினம் காயில் ஒன்று. டியூபுக்குள் நேராகப் போகும் கம்பி, வெளியே வந்ததும் தன் இயல்புக்குச் சுருண்டுகொள்கிறது. குழாயின் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தேர்ந்தெடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தோடு நழுவிப் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். மறுபடி டை விட்டுப் பார்த்தபோது பொட்டு இல்லை. டாக்டர் உடனே கையைக் கழுவவில்லை, அடுத்த பக்கத்தையும் பார்த்தார். இடுப்பில் இரண்டு பக்கக் குழாய்களுக்கும் குறுக்கே இணைப்பு உண்டு, ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கத்திலிருந்து நிரம்பும். அது முடிந்து, தொடையில் நுழைவாயிலாகப் போட்ட ஷீத் டியூபைச் சரிபார்க்கும்போது மேல் ரத்த அழுத்தம் 100-ஐத் தாண்டியிருந்தது.

இன்னொரு அடைப்புப் பொருள் பசை. ரத்தம் பட்ட நொடியில் இறுகிவிடும் பசை. அதைப் போடும்போது மேஜையைப் பார்க்கவேண்டும்: சலைன் கிண்ணத்தை அப்புறப்படுத்துவார்கள், கையுறையை மாற்றுவார்கள், டியூபை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசலால் கழுவுவார்கள். சலைனில் இருக்கும் உப்பு போதும் அந்தப் பசை டியூபுக்குள்ளேயே இறுக. செலுத்தி முடித்ததும் டியூபை ஒரே இழுப்பில் எடுக்கவேண்டும், தயங்கினால் நுனி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு 'வெறும் ஊசித்துளை' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அதே கம்பி, அதே டியூப், ஈரல் கட்டியில் வேறு கணக்கோடு போகிறது. ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால்வாசி குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மிச்சம் ஈரல் தமனி வழியாக. ஈரலில் தோன்றும் புற்றுக்கட்டியோ கிட்டத்தட்ட முழுக்கத் தமனியிலிருந்தே குடிக்கிறது. அப்படியானால் தமனியின் அந்தக் கிளையில் மருந்தைக் கொடுத்து அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், சுற்றியுள்ள ஈரல் சிரை ரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். சிகிச்சை என்று இதை ஏற்கும் முன் இந்த உடற்கூற்றை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலைதான். ஏன் சிலருக்கு இது கூடாது என்பதும் அந்தப் படத்திலேயே விளங்கிவிடும். போர்ட்டல் சிரை ஏற்கெனவே அடைத்திருந்தாலோ, மஞ்சள் காமாலை அதிகமாகி ஈரல் தளர்ந்திருந்தாலோ, தமனியையும் அடைப்பது ஆபத்து. செய்துகொண்டவர்களுக்கு முதல் சில நாட்கள் காய்ச்சலும் வயிற்றுவலியும் குமட்டலும் வருவது சகஜம். செத்த திசுவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. வீட்டுக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லாததால் 'ஏதோ தப்பாகிவிட்டது' என்று நள்ளிரவில் அடித்துப்பிடித்து வருகிறார்கள். ஆனால் காய்ச்சல் நாள் கணக்கில் நீண்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ அது வேறு கதை, வரத்தான் வேண்டும்.

கர்ப்பப்பை ஃபைப்ராய்டு கட்டிக்கும் இதே முறை உண்டு. அது தற்செயலாகக் கிடைத்தது. பாரிஸில் ழாக் ரவீனாவும் கூட்டாளிகளும் ஆபரேஷனுக்கு முன்பு ரத்தப்போக்கைக் குறைக்கக் கர்ப்பப்பைத் தமனியை அடைத்தார்கள். சில பெண்களுக்குத் தொந்தரவு அதிலேயே நின்றுபோய் ஆபரேஷனே தேவைப்படவில்லை. 1995-இல் அதை வெளியிட்டார்கள். இனிமேல் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை முடிவு செய்யும் முன் மகப்பேறு மருத்துவரோடு தனியாக உட்கார்ந்து பேசுவது நல்லது. அவர்களுக்குப் பல சமயம் கட்டியை மட்டும் அறுத்தெடுப்பதே பொருத்தமாக இருக்கும்.

ரத்தக்குழாயைத் தாண்டியும் கம்பி போகிறது. பித்தக்குழாய் அடைத்துக் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து வருபவருக்கு, விலா எலும்புகளுக்கு இடையில் ஈரல் வழியாக ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே குத்தி, பித்தம் வந்ததும் கம்பி. பிறகு எக்ஸ்ரேயில் பார்த்தபடி அதன் மேல் துவாரத்தைப் பெரிதாக்கும் டைலேட்டர், கடைசியில் டியூப். இந்த ஏற்றி இறக்கும் நேரத்தில்தான் அறையில் ஒரே வாசகம் திரும்பத் திரும்பக் கேட்கும்: "வயரைப் பிடிங்க." ஒருவர் டைலேட்டரை உருவும்போது மற்றவர் கம்பியை அசையாமல் பிடிக்கவேண்டும். கிணற்றுக் கயிறு மாதிரிதான், கையில் இருக்கும்வரை வாளி எங்கே இருந்தாலும் பரவாயில்லை. கம்பி நழுவி வெளியே வந்துவிட்டால் போட்ட வழி மூடிக்கொள்ளும், பித்தம் வயிற்றுக்குள் கசியும், மீண்டும் முதலிலிருந்து குத்தவேண்டும். அதுவும் இப்போது சுருங்கிப்போன குழாயை. புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு மூத்தவர்கள் வேறெதையும் சொல்லிக்கொடுக்கும் முன் இதைச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான். சிறுநீரகம் அடைத்துச் சீழ் பிடித்தாலும், வயிற்றுக்குள் சீழ்கட்டி இருந்தாலும் இதே வரிசைதான்.

அந்த டியூபோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டியூபின் நுனி உள்ளே பன்றி வால் போலச் சுருண்டிருக்கும், பெயரே பிக்டெயில்தான். அந்தச் சுருள் அவிழாமல் இருக்க உள்ளே ஒரு நூல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டை விடுவிக்காமல் இழுத்தால் சுருளோடு பிய்த்துக்கொண்டு வரும். சட்டை மாற்றும்போதும், தூக்கத்தில் புரளும்போதும், பையைக் கீழே விட்டுவிட்டு எழும்போதும்தான் டியூப் அதிகமாக உருவிப்போகிறது. உருவிப்போனால் உள்ளே திருப்பிச் செருகப் பார்க்காதீர்கள். அன்றைக்கே வந்துவிடுங்கள். போட்டுப் பல வாரமான வழி என்றால், அது மூடும் முன் அதே துவாரத்தில் கம்பியை விட்டு வேறு டியூப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் மறுபடி ஊசிதான்.

கம்பியே இல்லாத வேலையும் இருக்கிறது. சின்னக் கட்டிக்குள் ஊசியைக் குத்திச் சுட்டுவிடுவது, அல்லது ஆர்கான் வாயுவால் உறையவைப்பது. சுடும்போது சூடு 60 டிகிரிக்கு மேல் போனால் திசுவின் புரதம் உடனே கெட்டித்துப்போகும். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால் அது சூட்டை அள்ளிக்கொண்டுபோய்விடும், அந்த ஓரத்தில் கட்டி பிழைத்துக்கொள்ளும். உறையவைப்பதில் ஒரு வசதி, பனி உருண்டை வளர்வது சிடி படத்தில் அப்படியே தெரியும்.

பக்கவாதத்தைச் சொல்லாமல் விடமுடியாது. மூளையின் பெரிய குழாயை அடைத்த ரத்தக்கட்டியைத் தொடையிலிருந்து போய் இழுத்தெடுக்கும் முறை பயன் தருமா என்று வருடக்கணக்கில் சண்டை இருந்தது. 2015-இல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வெளியாகி அதை முடித்துவைத்தன. 2018-க்குள், படத்தில் மூளையின் பெரும்பகுதி இன்னும் பிழைத்திருக்கிறது என்று தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்றாகிவிட்டது. இந்த 24 மணி நேரக் கணக்கைக் கேள்விப்பட்டுவிட்டு யாரும் காத்திருக்கவேண்டாம். அது தூக்கத்தில் வந்து காலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் போன்ற, படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு. மற்றவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

இனி, சின்னதல்லாத விஷயங்கள். தொடையில் டியூபை எடுத்தபின் 15, 20 நிமிடம் கையால் அழுத்திப் பிடிக்கிறோம். அதன்பிறகு பல மணி நேரம் காலை நீட்டி, மடக்காமல் படுக்கவேண்டும். 'சின்ன ஓட்டைதானே' என்று எழுந்து பாத்ரூம் போனவர்களுக்குத் தொடை வீங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வீங்கினாலாவது தெரியும், உள்ளே வயிற்றின் பின்பக்கம் கசிந்தால் முதுகுவலியும் இறங்கும் பிரஷரும்தான் அறிகுறி. டை சிறுநீரகத்துக்குச் சுமை. உயிருக்கு அவசரம் இல்லையென்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு தெரியாமல் தொடங்கக்கூடாது. சிறுநீரகம் மோசமாக இருப்பவர்களுக்குக் காலுக்குச் செய்யும்போது டைக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தும் படம் எடுக்கலாம். கதிர்வீச்சு உண்டு. நீண்ட கேஸில் அது எங்களுக்கும் சேர்த்துத்தான், அதனால்தான் அந்த ஈய ஏப்ரனைச் சுமந்துகொண்டு நிற்கிறோம், நாற்பது வயதுக்குமேல் இந்த அறையில் இருப்பவர்களிடம் முதுகைப் பற்றி விசாரித்தால் தெரியும்.

ஆபரேஷனைவிட இது எப்போதும் மேல் என்றும் நான் நினைக்கவில்லை. வயிற்று மகாதமனி வீக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது துணி உறை போட்ட ஸ்டென்ட் வைப்பதை 1990-இல் புவெனஸ் ஐரஸில் ஹுவான் பரோடி செய்துகாட்டினார். முதல் மாதத்தில் திறந்த ஆபரேஷனைவிட இதில் உயிரிழப்பு குறைவு. ஆனால் 2016-இல் வெளியான பிரிட்டனின் ஈவார் 1 ஆய்வின் நீண்டகால முடிவில், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தராசு திரும்பிவிட்டது. ஸ்டென்ட் வைத்தவர்களில்தான் வீக்கம் தொடர்பான மரணம் அதிகம். ஓரத்தில் ரத்தம் கசியலாம், ஸ்டென்ட் நகரலாம், அதனால் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எண்பதைத் தாண்டிய, இதயம் பலவீனமான ஒருவருக்கு இது பெரிய வரம். அறுபதில் திடமாக இருப்பவருக்குக் கேள்வியை இரண்டு பக்கமும் கேட்கவேண்டும். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரே காரணத்துக்காக முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அதனால், எங்கள் அறைக்கு வரவேண்டியிருந்தால், யார் செய்கிறார்களோ அந்த டாக்டரையே முந்தைய நாள் பாருங்கள். வேறு பிரிவிலிருந்து அனுப்பப்பட்டு வருவதால், செய்தவர் யார் என்றே தெரியாமல் வீட்டுக்குப் போகும் நோயாளிகள் நிறைய. முடியாவிட்டால் அடுத்து என்ன, வேலை செய்ததா என்பதை எப்போது எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், முன்பு டை போட்டுத் தடிப்பு வந்தது, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவர் அதை நிறுத்தினால் ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்ள நேரும். அப்புறம் பழைய சிடி, எம்ஆர்ஐ எடுத்திருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் கொண்டுவராதீர்கள். படங்கள் உள்ள டிஸ்க்கையும் கொண்டுவாருங்கள். எந்தக் கிளை எங்கே பிரிகிறது, கம்பி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று டாக்டர் முந்தைய இரவு உட்கார்ந்து பார்ப்பது அதைத்தான்.